கோயில்காட்டு மரமும் சாமிதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

விழுப்புரம் மாவட்டம் புத்துப்பட்டு அய்யனார் கோயில்காடு போன்ற இடங்களில், கடற்கரையோர உலர் பசுமைமாறாக் காட்டின் வீரை, உலக்கைப்பாலை மரங்கள் இன்றளவும் தழைத்திருப்பதற்கு, சுள்ளி ஒடித்தாலும் சாமி குற்றம் என்ற நம்பிக்கையே பெருங்காரணம். எங்கள் ஊர்க் கோயில் கொடை விழாவில், அருள் வந்த சாமியாடி வேப்பங்குழையை இறுகப் பற்றியபடி, "என் மரத்தடியை ஏனடா மூடினீர்கள்?" என்று கேட்டபோது கூட்டமே வாயடைத்து நின்றது; ஏனெனில், திருப்பணி என்ற பெயரில் வேரைச் சுற்றிச் சிமெண்ட் தளம் போட்டிருந்தோம்.

ஒடிசாவின் நியம்கிரி மலையைத் தங்கள் தெய்வமாகவே வணங்கும் டோங்கிரியா கோந்து மக்கள், 2013இல் 12 கிராமசபைகளிலும் பாக்சைட் சுரங்கத்தை நிராகரித்தார்கள். நம் கிராமசபைகளும் கோயில்காடுகளின் எல்லையை அளந்து பதிவுசெய்து, மரத்தடித் தளங்களைப் பெயர்த்தெடுக்கத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்