ஊசிக்கு முன்னால் நீல மூடிக் குழாய்

ஆசிரியருக்கு,

காது வில்லை குத்திய இடத்திலோ தொப்புளிலோ ரத்தம் நிற்காத கன்றைக் கண்டதும் 'உண்ணிக் காய்ச்சல்' என்று முடிவுகட்டி, கையிலிருக்கும் வைட்டமின் கே ஊசியைப் போட்டுவிடும் அவசரம் வடசென்னைக் கொட்டில்களில் குறையவில்லை. ஊசி ஏறியபின் எடுக்கும் ரத்தம் பாதி உண்மையைத்தான் சொல்லும்.

முதலில் ஈறையும் கீழ் இமையின் உட்புறத்தையும் பாருங்கள். குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள் இருந்தால் தட்டணு (ரத்தக் கசிவை அடைக்கும் சிற்றணு) குறைந்திருக்கலாம்; உண்ணி பரப்பும் தைலேரியா ஒட்டுண்ணியை அப்போது தேடலாம். புள்ளியே இல்லாமல் தோலுக்கடியில் பெரிய ரத்தக்கட்டு, மூட்டு வீக்கம் என்றால் ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களான உறைகாரணிகளில் கோளாறு. தவிட்டு மூட்டைக்கு அடியில் எலி மருந்து வைத்தார்களா என்று கேளுங்கள். தின்ற அன்று ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்துத்தான் ரத்தம் ஒழுகும்.

உறையும் நேரம் பார்க்கும் நீல மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் 0.3 மில்லி இருக்கும், ரத்தம் 2.7 மில்லி, கோடு வரை வேண்டும். 2 மில்லியோடு நிறுத்தினால் சிட்ரேட் மிகுந்து, நல்ல கன்றுக்கே உறையும் நேரம் நீண்டு காட்டும். தட்டணு எண்ணும் ஊதா மூடிக் குழாயை அதன் பிறகு நிரப்புங்கள். கழுத்துச் சிரையில் ஒரே குத்து. துழாவினால் ஊசிக்குள்ளேயே உறைதல் தொடங்கிவிடும். 4 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். மணலியிலிருந்து வேப்பேரிக்கு, லாரி நெரிசலையும் சேர்த்து, அது தாராளம்.

அதே வயதுள்ள நல்ல கன்றின் ரத்தத்தையும் கூடவே அனுப்புங்கள். மனிதர்களுக்கான ஆய்வகம் அச்சடித்துத் தரும் 'நார்மல்' அளவு மாட்டுக்குப் பொருந்தாது.

எலி மருந்து தின்ற கன்றில் ஏழாம் உறைகாரணி முதலில் தீர்வதால், உறையும் நேரம் பார்க்கும் இரு சோதனைகளில் பி.டி. முந்தி நீளும், ஏ.பி.டி.டி. பின்தொடரும். இதற்கு வைட்டமின் கே1தான் மருந்து. மலிவாகக் கிடைக்கும் கே3 உதவாது. தசையில் குத்தினால் அங்கேயும் ரத்தம் கட்டும், தோலுக்கடியில் போடுங்கள். நெடுநாள் வேலை செய்யும் புரோமாடயலோன் வகை எலி மருந்து என்றால் 3, 4 வாரம் தொடர வேண்டும்.

பி.டி. சரியாக இருந்து ஏ.பி.டி.டி. மட்டும் நீண்டால், அதுவும் எச்.எப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) கலப்பினக் கன்று என்றால், பரம்பரையாக வரும் பதினோராம் காரணிக் குறைபாட்டை நினைக்க வேண்டும். தாயும் காளையும் அந்தக் குறையை மறைவாகச் சுமந்தால் ஒவ்வொரு ஈற்றிலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சினை ஊசி போடும்போது விந்து அடைத்து வரும் குச்சியில் அச்சிட்ட காளை எண்ணைக் குறித்து வைத்திருந்தால்தான் அதைத் துருவ முடியும். பல வீடுகளில் அந்தக் குச்சி அன்றே குப்பைக்குப் போய்விடுகிறது.

— கால்நடை மருத்துவர், மாதவரம்