ஆபீஸ் கதவும் வீட்டு லேப்டாப்பும்: மாப்ளைக்கு ஒரு லெட்டர்

மாப்ள,

எப்படிடா இருக்க. உன் வாய்ஸ் நோட்ட மூணு தடவ கேட்டேன், 11 நிமிஷம் பேசியிருக்க, அதுல பாதி உன் ஆபீஸுக்கு 'ஜீரோ ட்ரஸ்ட்' பாதுகாப்பு போடுறேன்னு கொட்டேஷன் குடுத்தவன திட்டுறதுலயே போயிருச்சு. நானும் பதிலுக்கு வாய்ஸ் போட்டா நீ வண்டி ஓட்டிக்கிட்டே கேட்டுட்டு மறந்துருவ, அதான் உக்காந்து டைப் பண்றேன், ஹாஸ்டல் லீவுல இன்லேண்ட் லெட்டர் போட்டுக்குவோமே அது மாதிரின்னு வச்சுக்க.

இங்க காவடி முடிஞ்சு கால் வலி இன்னும் போகல. கோர் த கார்த் மலைச் சரிவுல முருகன் கோயில் இருக்குன்னு சொல்லியிருக்கேன்ல, பால்குடம் எடுத்துக்கிட்டு ஏறுனேன், மொரீஷியஸ்ல தைப்பூசத்துக்கு நாடு பூரா அரசாங்க லீவுடா, நம்ம ஊர்லயே அது ரொம்ப லேட்டா தான் குடுத்தாய்ங்க. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு தமிழ்ல ரெண்டு வார்த்த சேந்தாப்ல வராது, எல்லாம் இந்த ஊர் க்ரியோல் பாஷ தான், ஆனா அரோகரா சொன்னார்னா எனக்கு மயிர்க்கூச்செறியுது. அப்புறம் வாழ எலைல ஏழு கறிச் சாப்பாடு. பையன் இப்ப எங்கிட்டயே க்ரியோல்ல தான் பதில் சொல்றான், திட்டுனா கூட 'கொரெக் பாப்பா' (சரிப்பா)ங்கிறான், அத விடு.

உன் விஷயத்துக்கு வரேன். நீ சொன்னதுல எனக்குத் தூக்கிவாரிப் போட்டது கொட்டேஷன் தொகை இல்ல. கணக்கு சாஃப்ட்வேர் டேலி போட்ட கம்ப்யூட்டர் ஆபீஸ்ல இருக்கு, ஸ்டாஃப் 22 பேர்ல பாதிப் பேர் வீட்ல இருந்தே அந்தக் கம்ப்யூட்டர இயக்குற ரிமோட் டெஸ்க்டாப்ல வராங்க, அதுக்கு ரௌட்டர்ல போர்ட், அதாவது வெளிய இருந்து உள்ள வர்ற வழி, தொறந்து வச்சிருக்கேன்னு சாதாரணமா சொல்லிட்டுப் போற பாரு, அதான். ரிமோட் டெஸ்க்டாப்போட வழக்கமான போர்ட் நம்பர் 3389 தானே? உலகத்துல எவனெவனோ ராத்திரி பகலா அந்த நம்பர தட்டிப் பாத்துக்கிட்டே இருக்கான்டா, ஆள் கூட இல்ல, எல்லாம் ப்ரோக்ராம் தான் தட்டுது. பாஸ்வேர்ட் ஆபீஸ் பேரும் 123ம்னு வச்சிருக்க மாட்டேன்னு நம்புறேன். (வச்சிருப்ப.)

உன்ன சொல்ல எனக்கு யோக்யத இல்ல, நான் பண்ணத சொல்றேன் கேளு. இத யார்கிட்டயும் முழுசா சொன்னதில்ல. 2024 ஜனவரி 15, பெலால் புயல். காலைல எல்லாரும் வேலைக்கு வந்தப்புறம் தான் நிலம மோசமாச்சு, போர்ட் லூயிஸ்ல கார் எல்லாம் தண்ணில மிதந்துச்சு, எபென்ல எங்க ஆபீஸ்ல இருந்தவங்க பைய எடுத்தா போதும்னு ஓடுனாங்க, லேப்டாப் பாதி டேபிள்லயே கெடக்கு. மறுநாள் பிரான்ஸ் க்ளையன்ட்டுக்கு சம்பளக் கணக்கு அனுப்பியே ஆகணும். ஒரு அக்கா போன் பண்ணி வீட்ல பையனோட கம்ப்யூட்டர் இருக்கு அதுல பண்ணட்டுமான்னு கேட்டாங்க, நான் நல்லவன் மாதிரி, வீட்ல இருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள வர விடுற விபிஎன் ஃபைல வாட்ஸப்ல அனுப்பி நானே போன்ல சொல்லிச் சொல்லி போட வச்சேன். வேல முடிஞ்சுது, எல்லாரும் பாராட்டுனாங்க.

அந்தப் பையன் கம்ப்யூட்டர்ல க்ராக் பண்ண கேம் இருந்திருக்கு, அதுகூடவே ஒரு பாஸ்வேர்ட் திருடியும். பிரவுசர்ல சேவ் ஆன பாஸ்வேர்ட், லாகின ஞாபகம் வச்சிருக்குற குக்கி, டெஸ்க்டாப்ல கெடக்குற ஃபைல் எல்லாத்தையும் மூட்ட கட்டி அனுப்பிரும், அனுப்புனத எவனோ வாங்குவான். மூணு வாரம் கழிச்சு சர்வர்ல எடம் பத்தலன்னு, யார் எப்ப உள்ள வந்தாங்கன்னு பதியுற லாக் ஃபைல அழிக்கப் போனப்ப தான் பாக்குறேன், அந்த அக்கா பேர்ல ராத்திரி 2 மணிக்கு மேல நாலு நாள் யாரோ உள்ள வந்து ஃபோல்டர் ஃபோல்டரா மேஞ்சிருக்கான். அக்காவுக்கு வேண்டியது ஒரே ஒரு சம்பள சாஃப்ட்வேர். ஆனா அவங்க பேர்ல வந்தவனுக்கு மொத்த ஃபைல் சர்வரும் தொறந்து கெடந்துச்சு, ஏன்னா அத அப்படி கட்டி வச்சவன் நான். இங்க டேட்டா ப்ரொடெக்‌ஷன் ஆக்ட் 2017ன்னு ஒண்ணு இருக்கு, தகவல் கசிஞ்சது தெரிஞ்சா 72 மணி நேரத்துக்குள்ள கமிஷனருக்கு சொல்லணும், அந்த மூணு நாள் நான் தூங்கல. அக்கா அழுதாங்க, தப்பு அவங்களோடதுன்னே நெனச்சுட்டாங்க பாவம்.

இப்ப ஜீரோ ட்ரஸ்ட்னா என்னன்னு கேட்டேல்ல. விபிஎன்ங்கிறது நம்ம ஊர் கல்யாண மண்டபம்டா. வாசல்ல பன்னீர் தெளிச்சு சந்தனம் குடுத்து உள்ள விட்டுட்டா அப்புறம் எவனும் கேக்க மாட்டான், பொண்ணு வீட்டுக்காரன் நம்மள மாப்ள வீடுன்னு நெனப்பான், மாப்ள வீட்டுக்காரன் பொண்ணு வீடுன்னு நெனப்பான், பந்தில உக்காரலாம், நகை வச்சிருக்குற ரூம் வரைக்கும் போலாம். (நம்ம ரெண்டு பேரும் அப்படி சாப்ட்ட கல்யாணம் எத்தன.) ஜீரோ ட்ரஸ்ட்ல வாசல்னு ஒண்ணே கெடையாது, ஒவ்வொரு ரூமுக்கும் கதவு, ஒவ்வொரு தடவையும் நீ யாரு, எந்த மெஷின்ல வர, அந்த மெஷின் சுத்தமா இருக்கா, இந்த ரூம்ல உனக்கு என்ன வேல, நாலையும் பாத்துட்டு தான் தொறக்கும். ஆபீஸ் உள்ள இருந்தே வந்தாலும் கேக்கும். ஃபாரெஸ்டர்ங்கிற ஆராய்ச்சி கம்பெனில இருந்த ஜான் கிண்டர்வாக் 2010ல இந்தப் பேர பிரபலமாக்குனாரு, அதுக்கு முந்துன வருஷம் ஹேக்கருங்ககிட்ட அடி வாங்குன கூகுள் பியாண்ட்கார்ப்னு பேர் வச்சு இத செஞ்சே காட்டுச்சு. க்ளவுட்ல இருக்குறதுங்கிறதுக்கு அர்த்தம் இவ்வளவு தான், இந்தக் கேள்வியெல்லாம் கேக்குற காவக்காரன் உன் ஆபீஸ் ரௌட்டர்ல இல்லாம இன்டர்நெட்ல எங்கயோ உக்காந்திருப்பான், உன் ஸ்டாஃப் மொதல்ல அவன்கிட்ட போவாங்க. உன் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஒரு சின்ன ப்ரோக்ராம் உள்ள இருந்து வெளிய அவனுக்கு லைன் போட்டு வச்சிருக்கும், அதனால வெளிய இருந்து உள்ள வர போர்ட்டே வேண்டாம்.

ஓடிபி போட்டா போதாதான்னு கேட்ட. போதாது. 2022 செப்டம்பர்ல ஊபர்ல என்ன நடந்துச்சு, ஒரு கான்ட்ராக்ட் ஆளோட போனுக்கு அப்ரூவ் அப்ரூவ்னு நோட்டிஃபிகேஷனா அனுப்பித் தொல்ல குடுத்தானுங்க, அந்தாளு கடுப்புல அமுக்கிட்டாரு, முடிஞ்சு போச்சு. அதே வருஷம் க்ளவுட்ஃப்ளேர்ங்கிற இன்டர்நெட் கம்பெனி ஆளுங்களுக்கு போலி எஸ்எம்எஸ் வந்து மூணு பேர் பாஸ்வேர்ட டைப்பே பண்ணிட்டாங்க, ஆனா அங்க எல்லார்கிட்டயும் லாகினுக்குன்னு யுஎஸ்பி கீ இருந்துச்சு, அது போலி சைட்டுக்கு வேலையே செய்யாது, திருடன் வெறுங்கையோட போனான். உன் 22 பேருக்கும் வாங்கச் சொல்லல, உனக்கும் பேங்க் பாக்குற பொண்ணுக்கும் ஆளுக்கு ரெண்டு வாங்கு, மத்தவங்களுக்கு போன்லயே, பாஸ்வேர்டுக்கு பதிலா போன் லாக்க வச்சு தொறக்குற பாஸ்கீ போதும்.

வீட்டு மெஷின் தான் பெரிய தலவலி. லாஸ்ட்பாஸ்னு பாஸ்வேர்ட் பாதுகாக்குற கம்பெனி, அவங்க சீனியர் இன்ஜினியரோட வீட்டுக் கம்ப்யூட்டர்ல படம் பாக்க போட்டிருந்த சாஃப்ட்வேர் பழசு, அது வழியா தான் உள்ள வந்தானுங்க. லாகின் பாதுகாப்பு விக்கிற கம்பெனி ஆக்டால 2023ல ஆபீஸ் லேப்டாப்ல ஒருத்தர் தன் சொந்த கூகுள் அக்கவுன்ட வச்சு குரோம்ல லாகின் பண்ணியிருக்காரு, ஆபீஸ் பாஸ்வேர்ட் அதுல போய் சேவ் ஆயிருச்சு. அவ்வளவு பெரிய ஆளுங்களுக்கே இப்படின்னா நம்ம எம்மாத்திரம். அதனால டேலி தொடுற லேப்டாப் ஆபீஸோடதா மட்டும் இருக்கட்டும், கடன உடன வாங்கியாவது ஏற்பாடு பண்ணு, பழசா இருந்தா பரவால்ல, ஆனா விண்டோஸ் 10 வேண்டாம், 2025 அக்டோபர் 14ஓட அதுக்கு சப்போர்ட் முடிஞ்சு போச்சு.

போன் மட்டும் அவங்கவங்களோடதே இருக்கட்டும். ஆனா இதுல ஒண்ணு சொல்லிடுறேன் மாப்ள, கொட்டேஷன்காரன் எல்லார் போனையும் மொத்தமா கம்பெனி கன்ட்ரோல்ல எடுக்கலாம்னு சொல்லியிருக்கான் பாரு, ஒத்துக்காத. உங்கிட்ட வேல பாக்குற புள்ளைங்க போன்ல கல்யாண ஃபோட்டோ, கொழந்த வீடியோ, வீட்டுச் சண்ட எல்லாம் இருக்கும், அதுல நீ கை வைக்கவே கூடாது. ஆண்ட்ராய்டுல வொர்க் ப்ரொஃபைல்னு தனியா ஒண்ணு இருக்கு, வீட்டுக்குள்ள ஆபீஸுக்குன்னு ஒரு பீரோ மாதிரி, வேலைய விட்டா அந்த பீரோவ மட்டும் நீ இங்கிருந்து காலி பண்ணிக்கலாம், மிச்சத்த உன்னால பாக்கக் கூட முடியாது. இத ஸ்டாஃப எல்லாம் உக்கார வச்சு தமிழ்ல சொல்லு, பேப்பர்ல கையெழுத்து வாங்குறதோட நிறுத்தாத. நான் இங்க சொல்லாம விட்டேன், பாதிப் பேர் நான் அவங்க மெசேஜ படிக்கிறேன்னு ஆறு மாசம் நம்பிக்கிட்டு இருந்தாங்க, கேன்டீன்ல நான் போனா பேச்சு நின்னுடும்.

காசு விஷயம். க்ளவுட்ஃப்ளேர்ல ஜீரோ ட்ரஸ்ட் 50 பேர் வரைக்கும் சும்மாவே தரான், உனக்கு அதுவே தாராளம். இல்ல நீ மைக்ரோசாஃப்ட் 365ல தான இருக்க, பிசினஸ் ப்ரீமியத்துக்கு மாறுனா மெஷின் செக் பண்றதும், இன்ன மெஷின்ல தான் வரலாம்னு ரூல் போடுறதும் அதுலயே வருது. அந்தக் கொட்டேஷன்காரன் விக்கிற பெட்டி எதுக்குன்னு எனக்குப் புரியல, ஜீரோ ட்ரஸ்ட பெட்டில போட்டு விக்க முடியாது.

ஆனா இதுலயும் ஓட்ட இருக்கு. எல்லாக் கதவும் ஒரே காவக்காரன்ட்ட இருந்தா அவன் மயங்கி விழுந்தா ஆபீஸே நிக்கும். 2025 நவம்பர் 18 ஞாபகம் இருக்கா, க்ளவுட்ஃப்ளேர் படுத்து பாதி இன்டர்நெட் போச்சு, அன்னிக்கு நாங்க டீ குடிச்சுக்கிட்டு சும்மா தான் உக்காந்திருந்தோம். அதனால அவசரத்துக்குன்னு ஒரு அட்மின் அக்கவுன்ட் தனியா வச்சு, அதோட கீய கவர்ல போட்டு உன் வீட்டு பீரோல வை, தங்கச்சிக்கு மட்டும் தெரியட்டும், நீ தொலச்சிருவ. பேக்கப்பும் ஒண்ணு ஒயர் கழட்டுன ஹார்ட் டிஸ்க்ல இருக்கணும். நம்ம ஊர்லயும் 2023 டேட்டா பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பர்ல ரூல்ஸ் வந்துருச்சு, பாதுகாப்பு சரியா இல்லாம டேட்டா போச்சுன்னா அபராதம் 250 கோடி வரைக்கும் போலாம்னு சட்டத்துல இருக்கு, ஆடிட்டர் நீ, எனக்கு நீ சொல்லணும் இத.

ஞாயித்துக்கெழம உக்காருவோம், உங்களுக்கு 10 மணின்னா இங்க எட்டர, நான் எந்திரிச்சிருவேன். அதுக்குள்ள ஒரு நோட்டுல எழுதி வை, யார் யாரு, யாருக்கு எந்த சாஃப்ட்வேர் வேணும், எந்த மெஷின்ல வராங்க. அந்த லிஸ்ட் இல்லாம நான் ஒண்ணும் பண்ண முடியாது, எழுதும் போதே வேலைய விட்டுப் போன ரெண்டு பேர் அக்கவுன்ட் இன்னும் உயிரோட இருக்குறது தெரியும் பாரு. அம்மாவ கேட்டேன்னு சொல்லு, முட்டி ஆபரேஷன் பத்தி டாக்டர் என்ன சொன்னார்னு எழுது.

பதில் மெதுவா போட்டாப் போதும். அந்த போர்ட்ட மட்டும் இன்னிக்கு ராத்திரியே மூடிரு, நாளைக்கு ஸ்டாஃப் கத்துனா ஒரு நாள் ஆபீஸ் வரச் சொல்லு, டீயும் வடையும் வாங்கிக் குடு.

உன் பழைய ரூம்மேட்
கத்ர் போர்ன், மொரீஷியஸ்