கோகனின் சாக்குத் துணி

ஆசிரியருக்கு,

பிரெஞ்சு ஓவியர் பால் கோகன் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை அவருடைய வண்ணங்களோடு நின்றுவிட்டது. அவர் எதன்மேல் வரைந்தார் என்பதும் முக்கியம். அவர் வாழ்ந்த பசிபிக் தீவான தாகிட்டியில் அன்று நல்ல கேன்வாஸ் எளிதில் கிடைக்காது, கையில் காசும் இல்லை. முரட்டுச் சாக்குத் துணியில்தான் பல படங்களைத் தீட்டினார். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ள 1897-98ஆம் ஆண்டுப் பெரிய படமும் (ஏறக்குறைய 139 × 375 செ.மீ.) அப்படித்தான். வண்ணம் மெல்லிய பூச்சு என்பதால் இழைமுடிச்சுகள் அப்படியே தெரியும். பளபளப்பில்லாத அந்தச் சொரசொரப்பை அவர் விரும்பினார். படத்தின் உயிரே அதில்தான்.

ஈரப்பதம் ஏறி இறங்க, துணி அசையும். இறுகிய வண்ணம் கூடவே அசையாமல் வெடித்து உதிரும். அதைத் தடுக்கப் பின்புறம் மெழுகு ஏற்றினால், வண்ணத்துக்கு அடியில் உள்ள சுண்ணப் பூச்சில் ஊறி நிறத்தைக் கருக்கிவிடும். வார்னிஷோ அந்த மங்கல் அழகையே கெடுக்கும்.

அடுத்த முறை, அந்தச் சொரசொரப்பு தெரியும்படி பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த நெருக்கப் படம் ஒன்றையும் வெளியிடுங்கள்.

– ஓவியப் பராமரிப்பாளர் ஒருவர்