பழுதான கேமராவை வாடகைக்குக் கொடுத்ததால் வார்ப்புக் காட்சி பறிபோனது குறித்துப் புகார்

அனுப்புநர்: சுயதொழில் ஒளிப்பதிவாளர், கும்பகோணம்
பெறுநர்: மேலாளர், கேமரா வாடகை நிறுவனம், திருச்சி கிளை

ஐயா,

சென்ற வாரம் தங்கள் கிளையில் ஒரு கேமரா, இரண்டு லென்ஸ், ஒரு மெமரி கார்டு ஆகியவற்றை மூன்று நாள் வாடகைக்கு எடுத்தேன். அதற்கான வாடகை 10,500 ரூபாயை முன்பணமாகவே கட்டினேன். சுவாமிமலையில் ஒரு ஸ்தபதி குடும்பத்தின் பட்டறைக்கு 12 நிமிட ஆவணப்படம் எடுத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தேன்.

அங்கே வேலை எப்படி நடக்கிறது என்று சொன்னால்தான் எனக்குப் போனது என்னவென்று தங்களுக்குப் புரியும். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து சிலையை முதலில் மெழுகில் செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றுகிறார்கள். உள்ளே உண்டாகும் வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஊற்றுவது சில நிமிட வேலைதான். ஆறியதும் மண் கூட்டை உடைத்துவிடுவார்கள். மெழுகும் போய்விட்டது, கூடும் போய்விட்டது. அந்தச் சிலைக்கு இன்னொரு வார்ப்பு கிடையாது. இரண்டரை அடி நடராஜர் அது. அந்தக் குடும்பத்துப் பெரியவர் மாதக்கணக்கில் மெழுகில் இழைத்தது.

இது தெரிந்துதான் இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும் கேமரா வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். கடையிலேயே இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. வார்ப்பு முடிந்து இரவு அறைக்கு வந்து பார்த்தால், தங்கள் கார்டு திறக்கவே இல்லை, ஃபார்மட் செய்யச் சொன்னது. என் கார்டில் முந்தைய நாள் மாலை வரைதான் இருந்தது. இரண்டாவது கார்டு ஸ்லாட்டின் குறி திரையில் எப்போது மறைந்தது என்று அந்தப் புகையில் நான் கவனிக்கவில்லை. அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கேமராவைத் திருப்பிக் கொடுத்தபோது தங்கள் ஊழியர் சொன்னது இது: "அந்த ஸ்லாட் கொஞ்ச நாளாவே அப்படித்தான் சார், விட்டு விட்டு வேலை செய்யும்." தெரிந்தே கொடுத்திருக்கிறீர்கள். எடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு கேமரா கேட்டிருப்பேன், இல்லையென்றால் என் பழைய கேமராவையும் பக்கத்தில் ஓடவிட்டிருப்பேன்.

கார்டில் போன பதிவுகளை மீட்டுத் தரும் ரெகவரி கடையில் 8,000 ரூபாய் கொடுத்தும் உலோகம் ஊற்றும் காட்சி மீளவில்லை. பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "சரி தம்பி, அடுத்த வார்ப்புக்கு வாங்க" என்றார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஒரு நாள் வாடகையைக் கழித்துத் தருவதாகத் தங்கள் கிளையில் சொன்னதை ஏற்க முடியாது. மூன்று நாள் வாடகையும் ரெகவரி செலவும் சேர்த்து 18,500 ரூபாய் தர வேண்டும். அடுத்த வார்ப்பு நாளில் பழுதில்லாத கேமராவை வாடகையின்றித் தர வேண்டும். பழுது தங்கள் கருவியில்தான் என்று எழுத்தில் தர வேண்டும், அதை நான் பட்டறையில் காட்ட வேண்டும். அந்தக் கேமராவைச் சரிசெய்யும்வரை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்.

15 நாளுக்குள் பதில் வராவிட்டால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன். வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்க 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. வாடகை ரசீது, ரெகவரி கடையின் பில் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்