டிரம்முக்குத் தோல் போட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும்

வணக்கம். நன்றி மடல் என்றால் கல்யாணப் பத்திரிகை மாதிரி பெயர்களை வரிசையாகப் போட வேண்டும். எனக்கு அது முடியவில்லை. கேட்டுப் பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர், "பெயரெல்லாம் எதுக்குப்பா" என்று சொல்லிவிட்டார்கள். ஒருவர் மட்டும் காரணமும் சொன்னார்: காற்பந்து ஆட்டம் இருக்கிற சாயங்காலங்களில் அவர் ஓவர்டைம் பார்ப்பதாக வீட்டில் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்களாம். சரி, பெயர் இல்லாமலே எழுதுகிறேன். யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

எங்களைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் மலேசியாவில் பினாங்கு மாநிலக் காற்பந்து அணியின் ரசிகர்கள். ஜார்ச்டவுன் சிட்டி ஸ்டேடியத்தில் கூரை இல்லாத பக்கம், நீலமும் மஞ்சளும் போட்டுக்கொண்டு, ஒரு பெரிய டிரம்மைச் சுற்றிப் பதினைந்து இருபது பேர் நிற்பார்கள். அது நாங்கள்தான். பதிவு செய்த சங்கம் இல்லை, தலைவர் செயலாளர் என்று யாரும் இல்லை. டிரம் எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீடுதான் அலுவலகம். டிரம், 1998ல் பினாங்கு அணி லீக் கிண்ணத்தை வென்ற வருடம் பழைய சாமான் கடை ஒன்றில் எல்லாரும் காசு போட்டு வாங்கியது. மரக்கூடு, இரண்டு பக்கமும் தோல், குறுக்கே கயிறு. 2001 லீக் கிண்ணத்துக்கும் 2002 எஃப்ஏ கிண்ணத்துக்கும் ஒலித்தது அதுதான். அதற்கப்புறம் பெரும்பாலும் தோல்விக்குத்தான் அடித்தோம், ஆனாலும் அடித்தோம்.

இப்போது ஏன் மடல் என்றால், போன வாரம் என் மகள் டிரம்மைத் துடைத்துக்கொண்டே, "இந்தப் பக்கத் தோல் மட்டும் ஏம்பா வேற நிறமா இருக்கு?" என்று கேட்டாள். கதையைச் சொன்னேன். சொல்லி முடித்ததும், "அவங்களுக்கெல்லாம் நன்றி சொன்னீங்களா?" என்றாள். அங்கே மாட்டிக்கொண்டேன்.

2020ல் கோவிட் வந்து லீக் பாதியில் நின்றது. மறுபடி தொடங்கியபோது பார்வையாளர்களை உள்ளே விடவில்லை. 2017ல் சூப்பர் லீக்கில் கடைசி இடத்தில் முடித்து, அதற்கு அடுத்த படியான பிரிமியர் லீக்குக்கு இறங்கியதிலிருந்து மேலே ஏறுகிற நாளுக்காக நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தோம். பினாங்கு அந்த வருடம் பார்த்துத்தான் பிரிமியர் லீக் கிண்ணத்தைத் தூக்கியது. கைதட்ட ஓர் ஆள் இல்லை. நாங்கள் ஆளுக்கொரு வீட்டில், போன் திரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தோம். டிரம் ஆயர் ஈத்தாமில் ஒரு நண்பரின் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ஜெயித்த சந்தோஷத்தில் ஜன்னல் ஓரமாவது வைத்து நாலு தட்டு தட்டலாம் என்று வெளியே இழுத்தால், ஒரு பக்கத் தோலில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. எலி! 22 வருடம் மழையிலும் வெயிலிலும் தாங்கிய தோலை, நாங்கள் இல்லாத ஆறேழு மாதத்தில் தின்று முடித்துவிட்டது.

கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் டிரம்மைப் பிறை என்கிற ஊருக்குக் கொண்டு போனோம், உருமி மாஸ்டரிடம். மாஸ்டர், உங்களுக்குத்தான் முதல் நன்றி. உங்களுக்குக் காற்பந்தில் துளியும் ஆர்வம் இல்லை. "பந்து வலைக்குள்ள போனா நல்லதா கெட்டதா?" என்று கேட்டவர் நீங்கள். டிரம்மை மட்டும் ஒரு நோயாளியைப் பார்ப்பது போலச் சுற்றிச் சுற்றிப் பார்த்தீர்கள். "வாய் ரொம்ப அகலம் தம்பி. முழு ஆட்டுத்தோல் வேணும், வயித்துப் பக்கம் ஆகாது, முதுகுப் பக்கம்." தோலை ஒரு ராத்திரி முழுக்கப் பிளாஸ்டிக் தொட்டியில் ஊறப் போட்டார். மறுநாள் எங்கள் நாலு பேரையும் நாலு மூலையில் பிடித்து இழுக்கச் சொல்லி, வளையத்தில் மடித்து, கயிற்றைக் கோத்தார். வெயிலில் வைக்கலாமா என்று நான் கேட்டதற்கு அவர் பார்த்த பார்வை இருக்கிறதே. வெயிலில் காய்ந்தால் தோல் வெடித்துவிடுமாம், நிழல்தான். மாடிப்படிக்கு அடியில் நாலு நாள் இருந்தது.

ஐந்தாம் நாள் தட்டினால் 'தொப்' என்றது. ஈரச்சாக்கில் அடித்த மாதிரி. கயிற்றை இறுக்கினார், மறுபடியும் தொப். மாஸ்டர் முகம் தொங்கிப் போனது.

அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பாக்சிக் (மலாய்க்காரப் பெரியவர்) வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். கல்யாணங்களுக்குக் கொம்பாங் என்கிற ஒருபக்கத் தோல் மேளம் அடிக்கிறவர். "செடாக் போடு" என்றார். செடாக் என்பது ஒரு மெல்லிய பிரம்புதான். கொம்பாங் தோல் தளர்ந்தால், தோலுக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவில் அதை உள்பக்கமாகச் சுற்றி அழுத்தி வைப்பார்கள், தோல் விறைத்துக்கொள்ளும். மாஸ்டருக்கு முதலில் ஒப்பவில்லை, கயிறு இருக்கும்போது பிரம்பு எதற்கு என்று. பாக்சிக், கயிறு நாளைக்கே நெகிழும் என்று. பாதி மலாய், பாதி தமிழ், அரை மணி நேரம். நாங்கள் தே தாரிக் குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தோம். கடைசியில் மறுபக்கத் தோலைக் கழற்றி, பாக்சிக் உள்ளே கையை விட்டுக் கட்டைவிரலால் பிரம்பை அங்குலம் அங்குலமாகத் தள்ளிக்கொண்டே போக, வெளியே மாஸ்டர் விரலால் தட்டிக் காதை வைத்து, "இங்க இன்னும் கொஞ்சம், இங்க போதும்" என்றார். மூடிக் கட்டி ஓங்கி ஓர் அடி. 'திம்' என்று அந்தத் தெருவே அதிர்ந்தது. எதிர்வீட்டுச் சீனக் கிழவி கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அந்த அம்மாவுக்கும் நன்றி, திட்டவில்லை.

மாஸ்டர் தோல் வாங்கிய காசை மட்டும் எடுத்துக்கொண்டார். பாக்சிக் காசு வேண்டாம் என்றார், பேரனை ஓர் ஆட்டத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னார். ஓர் ஆட்டம் என்றுதான் பேச்சு. அந்தப் பையன் இப்போது எங்களுக்கு முன்னாலேயே வந்து இடம் பிடித்து வைக்கிறான்.

அடுத்து, கச்சாங் பூத்தே (கடலைப் பொட்டலம்) விற்கும் அண்ணனுக்கு. நன்றியோடு ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. 2016 பிப்ரவரி 16, பகாங்குக்கு எதிரான ஆட்டம். முகமட் ஃபைஸ் சுப்ரி ஃப்ரீ கிக் எடுக்கப் போகிறார். நான் திரும்பி உங்களிடம் பொட்டலம் வாங்கிக்கொண்டிருந்தேன். மீதிச் சில்லறைக்காக நீங்கள் பையைத் துழாவிய நேரத்தில் டிரம் நின்றது, ஒரு விநாடி சத்தமே இல்லை, அப்புறம் அரங்கமே இடிந்து விழுந்த மாதிரி ஒரு கத்தல். பந்து காற்றில் நெளிந்து போய் வலைக்குள் விழுந்த அந்தக் கோலுக்குத்தான் அடுத்த வருடம் ஜனவரியில் சூரிச்சில், வருடத்தின் சிறந்த கோலுக்கான புஸ்காஸ் விருது கொடுத்தார்கள், ஆசியாவிலேயே முதல் ஆளுக்கு. உலகமே பார்த்த கோலை, நேரில் இருந்தும் நான் யூடியூப்பில்தான் பார்த்தேன். ஆனால் தோற்ற ராத்திரிகளில் மிச்சக் கடலையை எங்கள் தொப்பிகளில் கொட்டிவிட்டுப் போவீர்களே, அதற்காக அந்தக் கணக்கைத் தள்ளுபடி செய்கிறேன்.

கெடா நண்பர்களுக்கு. ராஜேந்திர சோழனுக்குக் கடாரம் கொண்டான் என்று பட்டம், கடாரம் என்பது இந்தக் கெடாதான். நாங்களும் கெடாவின் தலைநகர் அலோர் ஸ்டாருக்கு வாடகை பஸ்ஸில் போனோம், கொண்டு வந்தது தோல்வியைத்தான். திரும்பும்போது குருண் தாண்டி நள்ளிரவில் பஸ் நின்றுவிட்டது. பஸ் கம்பெனிக்குப் போன் செய்தால் எடுக்க ஆள் இல்லை. ஓரம் கட்டி நின்ற முதல் வேனில் இருந்தவர்கள் எல்லாரும் கெடா சட்டை. தொண்ணூறு நிமிடம் எங்களைக் கேலி செய்து பாடியவர்கள்தான், டிரம்மையும் சேர்த்து இரண்டு நடையில் எங்களைப் பட்டர்வொர்த் வரை கொண்டுவந்து விட்டார்கள். வழியெல்லாம் அதே பாட்டைப் பாடினார்கள். பெட்ரோல் காசு கொடுத்ததற்கு, "அடுத்த தடவையும் தோற்றுவிடுங்கள், கணக்குச் சரி" என்று பதில்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும் தம்பிகளே, மழைக்கு டிரம்மை மூட நீங்கள் கொடுத்த தார்ப்பாய் இன்னும் எங்களிடம்தான். அடுத்த பூசத்துக்குள் வந்து சேரும். (போன பூசத்துக்கும் இதையேதான் சொன்னேன்.)

என் தாத்தாவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், அவர் இல்லை என்றாலும். துறைமுகத்தில் தொங்காங் என்கிற சரக்குப் படகில் சாமான் ஏற்றி இறக்கியவர். அணியை உற்சாகப்படுத்த நாங்கள் 'ஹாரியா பினாங்' என்று கத்துவதை முதலில் கேட்டபோது விழுந்து விழுந்து சிரித்தார். அவர் காலத்தில் கப்பலில் இருந்து மூட்டையை மெல்ல இறக்கச் சொல்லும் குரல் 'ஆரியா'. "டேய், கோல் போடச் சொல்றீங்களா, இறக்கி வைக்கச் சொல்றீங்களா?" என்பார். 1974ல் மலேசியக் கிண்ணத்துக்காகப் பினாங்கு, பெரா மாநில அணியை வென்ற ஆட்டத்தை வானொலியில் கேட்டது பற்றி எத்தனை தடவை சொன்னாலும், ஒவ்வொரு தடவையும் வானொலியின் சொந்தக்காரர் மாறுவார். என்னை முதன்முதலில் தோளில் உட்கார வைத்து அரங்கத்துக்குள் தூக்கிப் போனது அவர்தான்.

வீட்டில் இருக்கிறவர்களுக்கு நன்றி சொல்லப் போய் அடி வாங்கியிருக்கிறேன். "நன்றி எதுக்கு, சட்டையைத் துவைச்சுப் போடுங்க." சரி, துவைக்கிறேன்.

கடைசியாக ஒரு விஷயம். போன ஆட்டத்தில் மழைக்கு எல்லாரும் ஓடியபோது ஒரு தூக்குச்சட்டி டிரம் பக்கத்திலேயே நின்றுவிட்டது. மூன்றடுக்கு, கைப்பிடியில் சிவப்புக் கயிறு. உள்ளே இருந்த கத்தரிக்காய்க் குழம்பையும் முட்டையையும் நாங்கள் சாப்பிட்டுவிட்டோம், மன்னிக்கவும், நன்றாக இருந்தது. சட்டி கழுவித் துடைத்து எங்கள் வீட்டில் இருக்கிறது. அடுத்த ஆட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். உரியவர் டிரம் பக்கம் வந்து வாங்கிக்கொள்ளவும்.