கட்டடப் பொறியாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் பொருளாளர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் சேர்த்தே இந்த அறிக்கை அச்சாகியிருக்கிறது. போகும்போது பக்கத்து சைட்காரருக்கு ஒரு பிரதி எடுத்துப்போனால் நல்லது.

செப்டம்பர் 15 பொறியாளர் தினம் வழக்கம்போல் கொண்டாடப்பட்டது. ஆயுதபூஜை நடந்தது. கண் பரிசோதனை முகாம் நடந்தது. சிமெண்ட், கம்பி நிறுவனத்தார் நடத்திய கூட்டங்களுக்கு, குறிப்பாகச் சாப்பாட்டு வேளையில், நல்ல வருகை இருந்தது.

இனி, முடிவுச் சான்று உதவி மேசை. அனுமதி பெற்ற பிளான்படியே கட்டடம் முடிந்திருக்கிறது என்று அலுவலகம் தருவதுதான் முடிவுச் சான்று. சனிக்கிழமை மாலைகளில் சங்க அறையில் ஒரு கணினியும் ஸ்கேனரும் வைத்து, கட்டட முடிவுச் சான்றுக்கு இணையவழியில் விண்ணப்பிக்க உதவுவது என்று முடிவானபோது, இது எதற்கு என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு அந்தக் கேள்வி எழவில்லை. மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகளைச் சான்று பார்த்த பிறகே தர வேண்டும், வங்கிகளும் சான்றைச் சரிபார்த்தே கடன் தர வேண்டும் என்று தீர்ப்பு சொல்லிவிட்டது.

யாருக்குச் சான்று வேண்டும் என்பதிலேயே நம் உறுப்பினர்களிடம் குழப்பம் இருக்கிறது. 2019 ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் குடியிருப்புக்கு 3 வீடு, 750 சதுர மீட்டர் என்று இருந்த விலக்கு, பின்னர் 8 வீடு வரை தளர்த்தப்பட்டது. ‘எட்டு வீடுதானே’ என்று அதோடு நின்று, பரப்பு வரம்பை மறந்துவிடுகிறார்கள். 750 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய 8,070 சதுர அடி. எட்டு வீடும் தலா 1,010 சதுர அடியைத் தாண்டினாலே பரப்பு வரம்பு போய்விடும். 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி மனைக்குள் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் முதல் தளமும் கட்டியவர்களுக்கு இந்த வேலையே இல்லை. அவர்களை மேசைக்கு அனுப்ப வேண்டாம்.

மற்றவர்கள் பிளான் அனுமதி எங்கே வாங்கினார்களோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். சென்னையில் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), நம் பக்கம் நகர ஊரமைப்பு அலுவலகம் அல்லது உள்ளாட்சி. முதலில் அனுமதி எண், பத்திரம், பட்டா மூன்றிலும் பெயரும் சர்வே எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பாகப்பிரிவினைக்குப் பின் உட்பிரிவு மாறிய பட்டாவை ஏற்றினால் அங்கேயே கேள்வி விழும். பில்டர் பவரில் (உரிமையாளர் தந்த அதிகாரப் பத்திரத்தில்) கட்டிய இடமென்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கக் கூச்சப்படக் கூடாது. அவர் காலமாகியிருந்தால் பெரும்பாலும் வாரிசுகள் கையெழுத்தில்லாமல் நகராது.

கைபேசி எண்ணை உரிமையாளருடையதாகவே கொடுங்கள். அலுவலக உதவியாளர் எண்ணைக் கொடுத்து, அவர் வேலையை விட்டுப் போனபின் ஓ.டி.பி.யும் போகிறது, திருத்தக் கேட்டு வந்த குறிப்பும் போகிறது. விண்ணப்பம் மாதக்கணக்கில் ‘நிலுவை’ என்று நிற்க, உரிமையாளர் அலுவலகத்தைத் திட்டிக்கொண்டிருப்பார்.

அடுத்தது வரைபடம். அனுமதி வாங்கிய பிளானையே தேதி மாற்றி ஏற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்பது கட்டியபடியுள்ள வரைபடம். பூச்சு, டைல்ஸ் எல்லாம் முடிந்த பிறகு டேப் பிடித்து எடுத்த அளவுதான் அதில் இருக்க வேண்டும். பக்கவாட்டு செட்பேக், அதாவது மனை எல்லைக்கும் சுவருக்கும் நடுவே விட வேண்டிய இடம், 1.5 மீட்டர் என்று வையுங்கள். மேஸ்திரி 5 அடி விட்டுக் கட்டுகிறார்; அது 1.524. வெளிப்பூச்சு 20 மி.மீ. போனால் 1.504, தப்பித்தோம். அதன்மேல் எலிவேஷனுக்கு (முகப்பு அழகுக்கு) என்று கல் பதித்துக் கலவையோடு 40 மி.மீ. போனால் 1.464. கட்டி முடித்த வீட்டில் கல்லைப் பெயர்த்த சங்கடம் நமக்குப் புதிதல்ல.

கார் நிறுத்தமும் அப்படித்தான். ஒரு காருக்கு 2.5க்கு 5 மீட்டர். தூணின் மையத்திலிருந்து அளக்காதீர்கள், பூசிய முகத்திலிருந்து அளக்க வேண்டும். ஸ்டில்ட்டில் (கார் நிறுத்தத் தூண்களோடு திறந்து விட்ட தரைத்தளத்தில்) வாட்ச்மேன் அறை என்று ஆரம்பித்து நான்கு பக்கமும் சுவர் எழுப்பியதை ஆய்வுக்கு வருபவர் முதலில் பார்ப்பார். மழைநீர்க் குழிக்குச் சல்லி நிரப்பும்போதே படம் எடுங்கள். சிலாப் மூடிய பிறகு எடுத்த படத்தில் சிலாப் மட்டுமே தெரியும். லிஃப்ட் இருந்தால் மின் ஆய்வாளரின் உரிமம், 18.30 மீட்டருக்கு மேல் போன கட்டடமானால் தீயணைப்புத் துறைச் சான்று: இவை கையில் வந்த பிறகே விண்ணப்பத்தைத் திறக்கலாம். ஸ்ட்ரக்சுரல் பொறியாளர் கையெழுத்திடும் நாளில் அவர் பதிவு உயிரோடு இருக்க வேண்டும். நடுவில் பொறியாளர் மாறியிருந்தால் முந்தையவரின் விலகல் கடிதமும் வேண்டும். கட்டண பாக்கிக்காக அந்தக் கடிதத்தைப் பிடித்துவைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு, பெயர் சொல்லவில்லை.

இந்த மேசையை நடத்தியது மூன்று பேர். முறைப்பட்டியலில் பெயர் இருந்தவர்கள் பன்னிரண்டு. மற்றவர்களில் சிலர் சைட்டில் கான்கிரீட் என்றார்கள். சனிக்கிழமை தவறாமல் கான்கிரீட் போடும் ஊர் நம்முடையது. மேசைக்கு அதிகமாகப் பார்ட்டிகளை அனுப்பியவர்களின் சந்தா நிலுவையைப் பொருளாளர் தனித்தாளில் வைத்திருக்கிறார். அது சுற்றுக்கு விடப்படாது. விரும்பியவர்கள் தம் வரியை மட்டும் போய்ப் பார்க்கலாம்.

வரவு, செலவைவிடச் சற்றே குறைவு. வித்தியாசம் முன்னிருப்பிலிருந்து ஈடுகட்டப்பட்டது. ஸ்கேனர், இணையக் கட்டணம், தேநீர் ஆகியவை ‘இதர செலவுகள்’ தலைப்பில் உள்ளன. விவரம் பொருளாளர் வாசிப்பார்.

அறை தந்த கட்டட உரிமையாளருக்கும், ஒலிபெருக்கி வைத்தவருக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் மேசை தொடர வேண்டுமா என்பதைப் பொதுக்குழுதான் முடிவு செய்ய வேண்டும். செயலாளர் பொறுப்பை இளையவர் யாரேனும் ஏற்பதாக இருந்தால் சாவியும் கடவுச்சொல்லும் இன்றே தயார். யாரும் முன்வராவிட்டால் மறுப்பேன் என்று சொல்லவில்லை. மேசை வேண்டும் என்று கை தூக்குகிறவர்கள் தூக்கிய கையை உடனே இறக்கிவிடாமல் சற்று நேரம் வைத்திருக்கவும். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வரிசையாக வருவார்.