வங்கிக் கார்டைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்

அன்பின் ஆசிரியருக்கு,

போன வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில், என்னோடு ஒரே பாடசாலையில் படிப்பித்த அக்கா ஒருவரைக் கண்டேன். அடுத்த மாதம் லண்டனில் இருக்கும் மகனிடம் போகிறார். எத்தனை மாதம் நிற்பார் என்று அவருக்கே தெரியவில்லை. பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கும்வரை நில்லுங்கள் என்று மகன் சொல்கிறானாம். "பென்சன் அலுவல் எல்லாம் என்ன செய்தீர்கள் அக்கா?" என்று கேட்டேன். "அதற்கென்ன, கார்டைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். பின் நம்பரையும் ஒரு துண்டில் எழுதிக் கார்டோடு ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். மாதாமாதம் எடுத்து வைப்பான்" என்றார்.

அதைக் கேட்டதில் இருந்து எனக்கு மனம் ஆறவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் நானும் இப்படித்தான் போனேன். மகளுக்குப் பிள்ளைப்பேறு, ஆறு மாதம் என்று நினைத்து டொரோண்டோவுக்குப் போனவள் பதினொரு மாதம் நின்றேன். மிளகாய்த்தூளை இரண்டு பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டி, ஒடியல்மாவும் அரிசிமாவும் நிறுத்துப் பார்த்து, மூன்று நாள் இருந்து பெட்டி அடுக்கினேன். வங்கிக்குப் போக மூன்று நிமிடம் ஒதுக்கவில்லை. கார்டு தங்கச்சியிடம், என்னிடம் கைத்தொலைபேசியும் அதற்குள் நம்முடைய சிம்மும்.

அங்கே போனதும் மகள் வேறு இணைப்பு எடுத்துத் தந்தாள். பழைய சிம்மைக் கழற்றி ஒரு கடித உறைக்குள் போட்டு வைத்தேன். பணம் போடாமல் கிடந்த அந்த இணைப்பு சில மாதத்தில் துண்டிக்கப்பட்டுவிட்டது. நான் அறியவில்லை. பெப்ரவரியில் வீட்டு மின்கட்டணம் கட்ட வங்கிச் செயலியைத் திறந்தேன். ஓடிபி (ஒருமுறை மட்டும் பயன்படும் இரகசிய இலக்கம்) அனுப்பியிருக்கிறோம், பதியுங்கள் என்றது. அது எந்தத் தொலைபேசிக்குப் போனது? உறைக்குள் கிடந்த செத்த சிம்முக்கு.

வங்கி திறக்கும் ஒன்பது மணி, டொரோண்டோவில் முதல்நாள் இரவு பத்தரை. குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம். கைக்குழந்தை எழும்பாமல் இருக்க வேண்டுமென்று குசினி மேசையில் இருந்து, குரலை அடக்கி, திருகோணமலையில் இருக்கும் என் கிளைக்கு எடுப்பேன். ஒருவர் இன்னொருவரிடம் கொடுப்பார், அவர் பொறுங்கள் என்பார், இணைப்பு அறுந்துவிடும். ஐந்தாறு இரவு இப்படிப் போனது. கடைசியில் ஒரு தம்பி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ரீச்சர், தொலைபேசி இலக்கம் மாற்றுவதென்றால் நீங்கள் நேரில் வந்து கையெழுத்து வைக்க வேணும்." அவரில் குறை சொல்ல மாட்டேன், அவருக்குக் கொடுக்கப்பட்ட விதி அது. ஆனால் ஏறக்குறையப் பதினாலாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பவளுக்கு அந்த ஒரு வழியைத் தவிர வேறு வழியே வைக்கவில்லை என்பதுதான் என் மனக்குறை.

அந்தக் கவலை தீருமுன்னே தங்கச்சி எடுத்தாள். "அக்கா, இந்த மாதம் பென்சன் விழவில்லை." அப்போதுதான் உயிர்வாழ் சான்றிதழ் நினைவுக்கு வந்தது. ஒவ்வோர் ஆண்டுத் தொடக்கத்திலும் பிரதேச செயலகத்துக்குக் கொடுக்க வேண்டியது. ஊரில் இருந்தால் கிராம உத்தியோகத்தரிடம் போய் நிமிடத்தில் முடித்திருப்பேன். நான் உயிரோடு இருப்பதாக அரசாங்கத்துக்குச் சொல்ல ஒருவரும் இல்லாமல் போய்விட்டது.

இதற்கு வழி இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. வெளிநாட்டில் நிற்பவர் அங்குள்ள இலங்கைத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ உயிர்வாழ் சான்றிதழில் அத்தாட்சி பெற்று அனுப்பலாம். டொரோண்டோவிலேயே துணைத் தூதரகம் இருக்கிறது. மருமகன் ஒருநாள் லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போனார். கடவுச்சீட்டையும் அடையாள அட்டையையும் பென்சன் இலக்கத்தையும் காட்டினேன், அலுவல் முடிந்தது. பதிவுத் தபாலில் அனுப்பினேன். நின்ற மூன்று மாதங்களின் பணம் நிலுவையாகப் பிறகு வந்து சேர்ந்தது. ஆகவே பென்சன் நின்றுவிட்டால் போயே போய்விட்டது என்று யாரும் பயந்து அழத் தேவையில்லை. ஆனால் வேறு வருமானம் இல்லாமல், அந்தப் பணத்தில் ஊரில் ஒரு தாயையோ சகோதரத்தையோ பார்ப்பவர்களுக்கு மூன்று மாதம் என்பது சின்னக் காலம் இல்லை.

சரி, கார்டு விஷயத்துக்கு வருகிறேன். தம்பி நல்லவர்தான், நம்பிக்கையானவர்தான். நான் பயப்படுவது வேறு காரணத்துக்கு. கார்டையும் இரகசிய இலக்கத்தையும் இன்னொருவருக்குக் கொடுப்பதை வங்கிகள் தங்கள் நிபந்தனைகளிலேயே தடுத்திருக்கின்றன. பணத்தில் ஏதும் பிசகு நடந்தால் வங்கி பொறுப்பு எடுக்காது. கார்டுக்கு முடிவுத் திகதியும் உண்டு. இடையில் முடிந்தால் புதியதை எடுக்கத் தம்பியால் முடியாது.

எல்லாவற்றையும் விடப் பெரியது மரணம். சாம்பல்தீவுப் பக்கம் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. ஐயா கனடாவில் மகள் வீட்டில் காலமானார். அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை ஒருவருக்கும் பென்சன் நினைவு வரவில்லை. கார்டு இங்கே மருமகனிடம். அவர் வழமைபோல எடுத்து, வளவுக்கு மதில் கட்டிக்கொண்டிருந்தார். களவு எண்ணம் துளியும் இல்லை. ஆனால் ஆள் இறந்த பிறகு விழுந்த பென்சன் அரசாங்கத்தின் பணம், திருப்பிக் கட்டத்தான் வேண்டும். அந்தக் கணக்கு வழக்குத் தீரும்வரை, ஐயாவின் மனைவிக்குச் சேர வேண்டிய விதவைகள், தபுதாரர் (மனைவியை இழந்தவர்) மற்றும் அநாதைகள் ஓய்வூதிய விண்ணப்பமும் இழுபட்டது. கணவரை இழந்த துக்கத்தோடு அவர் கடிதம் கடிதமாக விளக்கம் எழுதினதை நான் கண்ணால் கண்டேன். இரண்டு கடிதங்கள் நானே எழுதிக் கொடுத்தேன்.

இதற்குச் சரியான வழி அற்றோணித் தத்துவம், அதாவது நம் அலுவலை நமக்காகச் செய்ய இன்னொருவருக்கு எழுத்தில் கொடுக்கும் அதிகாரம். புறப்படுமுன் நொத்தாரிசிடம் (பத்திரம் எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) போய், இன்ன வங்கி, இன்ன கணக்கு, இன்ன அலுவல் என்று வரையறுத்து எழுத வேண்டும். காணி விற்கும் அதிகாரம்வரை எல்லாவற்றையும் ஒரே தாளில் தூக்கிக் கொடுக்க வேண்டியதில்லை. எழுதிய பிறகு வங்கியிலும் காட்டிப் பதிந்துவிட்டுப் போக வேண்டும். போன பிறகு நினைவு வந்தால் தூதரக அதிகாரி முன் கையெழுத்து வைத்து அனுப்பலாம், ஆனால் அலைச்சல் அதிகம். கொடுத்தவர் இறந்த அன்றோடு அந்தத் தத்துவமும் முடிந்துவிடும் என்பதைப் பொறுப்பெடுப்பவருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

தனியார் துறையில் வேலை செய்தவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. ஊழியர் சேமலாப நிதியில் உங்கள் சம்பளத்தில் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும் சேர்ந்திருக்கிறது. ஊழியர் நம்பிக்கை நிதியத்தில் முதலாளி போட்ட 3 சதவீதம் வேறாக இருக்கிறது. சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். நிரந்தரமாக வெளிநாட்டில் குடியேறுபவர் அதற்கு முன்னும் கேட்கலாம். இரண்டுக்கும் தனித்தனி விண்ணப்பம். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை மறந்து போனவர்கள் உண்டு. நிலையான வைப்பு வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: 2025 ஏப்ரல் 1 முதல் வட்டியில் 10 சதவீதம் வரியாகக் கழிக்கிறார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் இருப்பவர்கள் சுயபிரகடனப் படிவம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அங்கிருந்து இங்கே வருபவர்களின் கதை மறுபக்கம். உவர்மலையில் என் அயலவர் ஒருவர் லண்டனில் உழைத்து ஓய்வுபெற்று ஊரோடு வந்து இருக்கிறார். பிரித்தானிய அரச ஓய்வூதியம் அங்கே ஆண்டுதோறும் கூடும், இலங்கையில் வசிப்பவருக்குக் கூடாது. வந்த வருடம் எவ்வளவோ அவ்வளவுதான் இன்றும் வருகிறது. விலைவாசி மட்டும் ஏறுகிறது. கனடாவில் முதியோர் பாதுகாப்புக் கொடுப்பனவு பெறுபவர்கள், பதினெட்டு வயதுக்குப் பின் அங்கே 20 வருடம் வாழ்ந்திருந்தால்தான் அதை வெளிநாட்டில் தொடர்ந்து பெறலாம். இல்லாவிட்டால் ஆறு மாதத்தின் பின் நின்றுவிடும். வருமானம் குறைந்தவர்களுக்குத் தரும் மேலதிகக் கொடுப்பனவு எத்தனை வருடம் வாழ்ந்திருந்தாலும் ஆறு மாதத்தோடு நிற்கும். உழைத்த காலத்தில் கட்டிய கனடா ஓய்வூதியத் திட்டப் பணத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கனடாவில் வீட்டை விற்றுவிட்டு நிலாவெளியில் காணி வாங்க வருகிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

வங்கிகளிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. பென்சன் கணக்கு வைத்திருக்கும் ஒருவர் வெளிநாடு போகிறேன் என்று சொன்னால், ஒரே படிவத்தில் அவருடைய மின்னஞ்சலையும் அங்குள்ள இலக்கத்தையும் எழுதி வாங்கி, ஓடிபியை அங்கே அனுப்ப ஒழுங்கு செய்யலாம். காணொளி அழைப்பில் முகத்தையும் அடையாள அட்டையையும் பார்த்து இலக்கம் மாற்றிக் கொடுக்கலாம். பிரதேச செயலகங்களில் பென்சன் பிரிவுக்குப் போகும் எங்களிடம் "இந்த வருடம் வெளிநாட்டுப் பயணம் இருக்கிறதா?" என்று ஒரு கேள்வி கேட்டு, தமிழில் அச்சிட்ட ஒரு தாளைக் கையில் தரலாம். ஆங்கிலத் தாளை வாசிக்கப் பிள்ளையைத் தேடும் பென்சன்காரர் மூதூரிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் எத்தனையோ பேர்.

இங்கே முடியாது என்று எவரும் சொல்ல வேண்டாம். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் பிறப்பு, விவாகச் சான்றிதழ்களை உறுதிப்படுத்த முன்பு இரவு ரயில் ஏறிக் கொழும்பு போனோம். இன்று திருகோணமலையிலேயே வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. காலையில் போய் வந்து மத்தியானம் வீட்டில் சாப்பிடலாம்.

வங்கிகள் மாறும்வரை நாங்கள் சும்மா இருக்கவும் வேண்டாம். புறப்படுமுன் சிம்முக்கு ரோமிங் (வெளிநாட்டிலும் வேலை செய்யும் வசதி) போட்டு, மாதம் ஒருமுறை கொஞ்சப் பணம் போட யாரிடமாவது சொல்லி வையுங்கள். அந்த அக்காவுக்கும் இதைத்தான் சொன்னேன். வருகிற செவ்வாய்க்கிழமை அவரோடு நொத்தாரிசிடம் போய், அப்படியே வங்கிக்கும் போகிறேன். வரும்போது தம்பியிடம் கொடுத்த கார்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.